பெற்றோர் நிற்கும் கயிறு: இங்கிலாந்துச் சிறுவர் கால்பந்தின் ‘ரெஸ்பெக்ட்’ தடுப்பு, ஒரு மதிப்பீடு

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ல் கொண்டுவந்த ‘ரெஸ்பெக்ட்’ திட்டத்தில் நான்கு பகுதிகள் உண்டு. பெற்றோர் நிற்க ஓர் எல்லை, எல்லோரும் கையெழுத்துப் போடும் நடத்தை விதிகள், நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசுவது, அந்தக் கேப்டனின் துணையோடு நடுவர் ஆட்டத்தை நடத்துவது. சிறுவர் லீக்கில் உண்மையாகவே வேலை செய்வது முதலாவதுதான். கையெழுத்துத் தாள் செப்டம்பரில் அலமாரிக்குள் போனால் மே மாதம் வரை வெளியே வராது. எல்லையாகக் கட்டும் கயிறோ ஒவ்வொரு ஞாயிறும் கண்முன் இருக்கும்.

அமைப்பு எளிது. பக்கக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஒரு நாடா. இரண்டு அணிப் பெற்றோரும் அதன் பின்னால் நிற்க வேண்டும். பயிற்சியாளர்களும் மாற்று ஆட்டக்காரர்களும் எதிர்ப்பக்கம். கோலுக்குப் பின்னால் யாருமே கூடாது.

இதனால் என்ன பயன் என்று ஒரு த்ரோ-இன்னை, அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவதை, பார்த்தாலே தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளை கோட்டில் குதிகாலை வைத்துப் பந்தைத் தலைக்கு மேல் தூக்குகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அப்பா நின்று “முன்னாடி போடு, முன்னாடி!” என்கிறார். பிள்ளை பாதித் திரும்பிப் பார்க்கிறது, பின்னங்கால் தரையை விட்டு எழுகிறது. இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்பதால் நடுவர் தவறான த்ரோ என்று எதிரணிக்குக் கொடுக்கிறார். உடனே சத்தம் நடுவர் மேல் திரும்புகிறது. அந்த 2 மீட்டர் இருந்திருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும். கோட்டோரம் ஓடி நடுவருக்குக் கொடி காட்டி உதவுபவருக்கும் இதே கதைதான். சிறுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரு பெற்றோர்தான் கொடி பிடிப்பார். கயிறு இல்லாத இடத்தில் அவர் தள்ளுவண்டிகளையும் மடக்கு நாற்காலிகளையும் சுற்றி ஓட வேண்டியிருக்கும், ஆட்டத்தைப் பார்க்க முடியாது.

வாங்கும் முன் நீளத்தைக் கணக்கிடுங்கள். சங்கம் பரிந்துரைக்கும் மைதான நீளம் 9, 10 வயதுக்குட்பட்டோரின் எழுவர் ஆட்டத்துக்கு 60 கஜம், அதாவது சுமார் 55 மீட்டர். ஒன்பதின்மர் ஆட்டத்துக்கு 80 கஜம், 73 மீட்டர். 15, 16 வயதுக்குட்பட்டோருக்கு 100 கஜம், 91 மீட்டர். 50 மீட்டர் சுருள் இரண்டு வாங்கினால் இவை எல்லாவற்றுக்கும் போதும். 100 மீட்டரில் ஒரே சுருளாக வாங்காதீர்கள். ஓரிடத்தில் சிக்கு விழுந்தால் முழுவதும் நிற்கும். இரண்டு சுருள் இருந்தால் இருவர் நடுக்கோட்டில் தொடங்கி ஆளுக்கொரு பக்கம் விரித்துவிடலாம்.

கம்புகளில்தான் கிளப்புகள் கஞ்சத்தனம் செய்கின்றன. 5 மீட்டருக்கு ஒன்று வேண்டும். பெரிய மைதானத்துக்கு 20, எழுவர் மைதானத்துக்கு 12. 10 மீட்டருக்கு ஒன்று நட்டால் நடுவில் நாடா முழங்காலுக்குத் தொய்கிறது. பெரியவர்கள் தாண்டி உள்ளே வருகிறார்கள், உடன் வந்த குழந்தைகள் தடுக்கி விழுகின்றன. கம்பு வளையும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வேகமாக ஓடி வரும் சிறுவன் கோட்டைத் தாண்டி 2 மீட்டருக்குள் நிற்க மாட்டான், அங்கே இரும்புக் கம்பி இருக்கக் கூடாது. செயற்கைப் புல் மைதானத்தில் எதையும் குத்தக் கூடாது என்பதால் கனமான ரப்பர் அடிப்பாகம் தனியாக வாங்க வேண்டும்.

எழுத்து அச்சிட்ட அகலத் துணியில் வரும் தடுப்பு படத்துக்கு அழகாக இருக்கும். காற்று அடித்தால் பாய்மரம் போல உப்பிக் கம்புகளைப் பிடுங்கிவிடும். குறுகிய நாடாவோ சாதாரணக் கயிறோ மேல். கூம்புகளையும் வண்ணக் கோட்டையும் சங்கம் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் கோடு நிற்பவர்களின் காலடியிலேயே மறைந்துவிடும். பூங்காக்களில் இரண்டு மைதானங்கள் ஒட்டி இருந்தால் தடுப்பை நடுவில் போடாதீர்கள். ஒன்றின் பெற்றோர் மற்றதன் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டுக்கும் வெளிப்பக்கமே சரி.

கயிறு காலைத்தான் நிறுத்தும், வாயை நிறுத்தாது. அதற்குப் பளிச்சென்ற மேற்சட்டை போட்ட ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் இல்லாமல் கயிறு மட்டும் கட்டும் கிளப்புகள் பாதி வேலைதான் செய்கின்றன. மீதிச் சுமை நடுவர் தலையில் விழுகிறது, அந்த நடுவர் பல நேரம் ஒரு பள்ளிப் பிள்ளை. இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவராகலாம். 18 வயதுக்குட்பட்ட நடுவர்கள் ஊதாக் கைப்பட்டை அணிகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் கறுப்புச் சட்டை மேல் ஊதாப் பட்டை 40 மீட்டர் தூரத்தில் தெரியாது. பொறுப்பாளர் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பக்கப் பெற்றோரிடமும் “இன்றைய நடுவர் சிறுவர்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடுவர் செய்ய வேண்டியதும் உண்டு. விசில் அடிக்கும் முன் இரண்டு பயிற்சியாளர்களிடமும் பொறுப்பாளர் யார் என்று கேட்டு முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். “ஹேண்ட்பால்!” என்ற கத்தல் வெறும் பதற்றம், விட்டுவிடலாம். ஆளைக் குறித்து வந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ பந்து வெளியே போகும்வரை காத்திருந்து அந்த அணியின் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். ஓடும் ஆட்டத்தை நிறுத்தினால் ட்ராப் பாலில்தான், அதாவது நடுவர் பந்தைக் கீழே போட்டுத்தான், தொடங்க வேண்டும், அதில் இன்னொரு சச்சரவு பிறக்கும். இந்த விஷயத்தில் கேப்டனைக் கூப்பிடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரியவர்களின் சண்டையை ஒன்பது வயதுப் பிள்ளை சுமந்துகொண்டு தன் அப்பாவிடமே போவது கொடுமை.

அடுத்த முறை ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அமைதிக்குக் காத்திருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தை இடைநிறுத்தவும் கைவிடவும் நடுவரைப் பற்றிய ஐந்தாம் ஆட்ட விதி அதிகாரம் தருகிறது. பார்வையாளருக்கு மஞ்சள், சிவப்பு அட்டை காட்ட முடியாது. பயிற்சியாளருக்குக் காட்டலாம், 2019 முதல் அது விதியில் உள்ளது. எந்த நிலையிலும் கயிற்றருகே போய்ப் பதில் பேசாதீர்கள். ஒருவருக்குப் பதில் சொன்னால் சுற்றி நிற்கும் இருபது பேரும் தங்களிடம் பேசியதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு கவுன்டி சங்கத்துக்கு (அந்தப் பகுதியின் கால்பந்துச் சங்கத்துக்கு) எழுதும் அறிக்கையில் காதில் விழுந்த வார்த்தைகள், நிமிடம், எந்த அணிப் பக்கம் என்பது மட்டும் போதும். தங்கள் பார்வையாளர்களின் நடத்தைக்குக் கிளப்தான் பதில் சொல்ல வேண்டும்.

கத்தலில் பெரும்பகுதி விதி தெரியாததால் வருவது. அதனால் முதல் கம்பில் விதிகளை எழுதிய ஓர் அட்டை தொங்கவிடுங்கள். பத்து வயதுக்குட்பட்டோர் வரையிலான மினி ஆட்டத்தில் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது, ஆனால் மிக அதிகம் கேட்கும் கூச்சல் அதுதான். வேண்டுமென்றே தலையால் அடிப்பது 2024-25 பருவத்தில் 9 வயதுக்குட்பட்டோர் வரை விலக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு வயதாக ஏறி 2026-27-ல் 11 வயதுக்குட்பட்டோரை எட்டுகிறது. அடித்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை. 11 வயதுக்குட்பட்டோர் வரை புள்ளிப் பட்டியலே வெளியிடப்படுவதில்லை என்பதையும் அதில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

ஈரமான நாடாவைச் சுருட்டி வைத்தால் அடுத்த வாரம் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் விரித்துக் காயவிடுங்கள். இருபது கம்பு நட்டிருந்தால் இருபதையும் எண்ணி எடுத்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.