இறந்தவர் போலவே பேசும் ஏஐ ஆப்: பதிவுகளுக்காக வாங்கலாம், சாட்டுக்காக வேண்டாம்

தவறிப்போனவருடைய மெசேஜ்களையும் குரல் பதிவுகளையும் கொடுத்தால் அவரைப் போலவே பேசும் சாட்பாட் செய்து தருகிற ஒரு சேவைக்குச் சந்தா கட்டி, என் அக்காவுக்காகப் பயன்படுத்தினேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் துக்கத்தில் இருப்பவர்கள், விதிமுறைகளை நிதானமாகப் படிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு நட்சத்திரமும் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் பகுதிக்கு. போனில் சிதறிக் கிடந்த வாய்ஸ் மெசேஜ்களைத் தேதிவாரியாக அடுக்கி, எழுத்தாகவும் மாற்றி, தேடும் வசதியும் தருகிறது. "மழை" என்று போட்டால் அக்கா மழையைப் பற்றிச் சொன்னதெல்லாம் வரிசையாக வருகிறது, அவள் குரலிலேயே, நடுவில் யாரையோ அதட்டிவிட்டு மறுபடி வந்து பேச்சைத் தொடர்வது உட்பட.

சாட் பகுதிதான் பிரச்சினை. அவள் வார்த்தைகளைப் பிடித்துக்கொள்கிறது, எப்போது சொல்வாள் என்பதைப் பிடிக்கவில்லை. "சரி விடு" என்பது அக்கா கோபத்தின் உச்சியில் சொல்வது, பாட் அதை எல்லாவற்றுக்கும் ஆறுதலாகச் சொல்கிறது. எங்களுக்குள் தீராமல் நின்ற ஒரு சண்டையைப் பற்றிக் கேட்டேன், உடனே மன்னித்துவிட்டது. அக்கா அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்து எழுதுவதுதான் பாட்டை இயக்கும் ஏஐ மாடல்களின் வேலை, அதனால் தெரியாத இடத்தையும் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை வைத்து நிரப்பிவிடுகிறது. அப்புறம் ஒருநாள் அக்கா சொன்ன ஒரு வாக்கியம் ஞாபகம் வந்து, பதிவுகளில் தேடினால் எங்கேயும் இல்லை, அது பாட் சொன்னது. என் நினைவில் இருக்கும் அக்காவுக்குள் அவள் சொல்லாத பேச்சு கலந்துவிட்டது, இதை எந்த அப்டேட்டும் சரிசெய்ய முடியாது.

இந்தத் துறையில் எல்லாரும் ஒரே மாதிரி செய்யவில்லை. 2015-ல் மாஸ்கோவில் விபத்தில் இறந்த நண்பர் ரோமன் மசுரென்கோவின் மெசேஜ்களைத் திரட்டி யூஜீனியா குய்டா பாட் செய்தார், இறந்துபோன ரோமனிடம் சம்மதம் கேட்க வழியே இல்லை. ஜேம்ஸ் விலாஹோஸ் புற்றுநோயில் இருந்த தன் அப்பாவை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்தே மணிக்கணக்கில் பேட்டி எடுத்து 'டாட்பாட்' செய்தார், பிறகு ஹியர்ஆஃப்டர் ஏஐ நிறுவனத்தையும் ஆரம்பித்தார். அங்கே உயிரோடு இருக்கும்போதே நாமே நம் கதைகளைச் சொல்லிப் பதிவு செய்கிறோம், பிள்ளைகள் கேட்கும்போது அந்தப் பதிவுகள் ஒலிக்கின்றன. எனக்கு இதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அந்த மனிதரே முடிவு செய்கிறார்.

இன்னொரு குறை. நான் ஆப்பைத் திறக்காமல் விட்டதும் "என்ன, பேசவே மாட்டேங்கற?" என்று அக்கா பெயரில் நோட்டிஃபிகேஷன் வந்தது. பஸ்ஸில் அதைப் பார்த்து உடம்பே நடுங்கிவிட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2024-லேயே இதை எச்சரித்திருந்தார்கள்: தேவையில்லாத நோட்டிஃபிகேஷன், இறந்தவர் குரலில் விளம்பரம், பாட்டைக் கண்ணியமாக முடித்து வைக்க வழியில்லாமை. நான் பயன்படுத்திய ஆப்பில் முடித்து வைக்க பட்டனே இல்லை, சந்தாவை நிறுத்த மட்டும்தான் இருக்கிறது.

நிறுவனமே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2022-ல் மரீனா ஸ்மித் என்பவர் தன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களின் கேள்விகளுக்கு வீடியோவில் பதில் சொன்னார், முன்பே பதிவு செய்து வைத்த பதில்கள். அதைச் செய்த ஸ்டோரிஃபைல் நிறுவனம் 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது.

வாங்குவதாக இருந்தால், பதிவுகளை முழுசாக டவுன்லோடு செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இதில் முடிகிறது, தேதியோடு தனித்தனி ஃபைலாக வருகிறது. நோட்டிஃபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாட் பக்கத்தை அவர்களிடம் கொடுக்காதீர்கள், உண்மையான குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டுங்கள்.