எஸ்சி/எஸ்டி கோட்டாவில் டெண்டர் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுகள்: உஷார்

எங்களுடையது சீருடை தைக்கும் சிறிய யூனிட். பட்டியல் சாதியினர் நடத்தும் குறுந்தொழில்களுக்கு அரசுக் கொள்முதலில் சலுகை இருப்பது தெரிந்து, ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தேடி வந்தார். "நாலு சதவீதம் உங்க ஆளுங்களுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க, டெண்டர் கன்ஃபார்ம்" என்றார். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஜெம் தளப் பதிவு (அரசுத் துறைகள் பொருள் வாங்கும் இணையதளம்), டிஜிட்டல் கையெழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் வாங்கினார். ரசீது கிடையாது.

அந்த நாலு சதவீதக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. 2012 கொள்முதல் கொள்கை ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்சி/எஸ்டி நிறுவனங்களிடம், 3 சதவீதம் பெண்களின் நிறுவனங்களிடம். இது வாங்குபவரின் ஆண்டு இலக்கு. உங்களுக்கோ எனக்கோ எழுதிக் கொடுத்த ஆர்டர் இல்லை. தகுதியும் விலையும் நமக்கு ஒத்துவராவிட்டால் அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதே ஆணை சொல்கிறது. மாநில அரசு டெண்டர்களை இந்த ஆணை கட்டுப்படுத்தாது. இதில் ஒன்றையும் அவர் மூச்சுவிடவில்லை.

நிஜமான சலுகைகள் வேறு. டெண்டர் படிவம் இலவசம், ஈஎம்டி என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். குறைந்த விலை சொன்னவர் சிறு நிறுவனமாக இல்லாமல், நம் விலை அவருடையதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர் விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் ஒரு பங்கைக் கேட்கலாம்.

சரி, அவர் செய்த வேலைக்கு வருகிறேன். ஈஎம்டி விலக்கு கேட்டு நாங்கள் போட்ட முதல் டெண்டரே நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது: உத்யமில் எங்களை உற்பத்தியாளர் என்று போடாமல், துணி வியாபாரத்துக்கான என்ஐசி கோடை (என்ன தொழில் என்று காட்டும் எண்) போட்டு வணிகர் ஆக்கிவிட்டார். 2021 ஜூலையிலிருந்து வணிகர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான். கொள்முதல் சலுகை கிடையாது. திருத்தலாம் என்று உள்ளே போனால் ஓடிபி அவருடைய மொபைலுக்குப் போகிறது! பதிவில் அவர் எண், அவர் மின்னஞ்சல். திருத்தித் தர இன்னும் பணம் கேட்டார். உத்யம் பதிவுக்கும் சரி, திருத்தத்துக்கும் சரி, அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே அரசுத் தளத்தில் செய்துவிடலாம்.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. எங்கள் பெயரில் வேறொரு பெரிய காண்டிராக்டர் டெண்டர் எடுப்பாராம், எங்களுக்கு இரண்டு சதவீதமாம், நாங்கள் ஊசியைக்கூடத் தொட வேண்டாமாம். பெயரை வாடகைக்கு விடச் சொல்கிறார், அவ்வளவுதான். சரக்கு தரமில்லை என்றால் கருப்புப் பட்டியலில் ஏறப்போவது எங்கள் நிறுவனம், அந்தக் காண்டிராக்டர் இல்லை. தனி உரிமையாளர் எஸ்சி/எஸ்டியாக இருக்க வேண்டும், கூட்டு நிறுவனமென்றால் 51 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்ற விதியை வைத்ததே தொழில் நம் கையில் இருக்கத்தான். முடியாது என்றதும், எங்கள் டிஎஸ்சி டோக்கனை, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யுஎஸ்பி கருவியை, தராமல் இழுத்தடித்தார். அதுவும் பாஸ்வேர்டும் ஒருவர் கையில் இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே உங்கள் கையெழுத்தில் டெண்டர் போடலாம்.

சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து அந்த டிஎஸ்சியை ரத்து செய்து, புதிது வாங்கிவிட்டோம். உத்யம் திருத்தத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் உதவினார்கள், காசு கேட்கவில்லை. 15,000 இன்னும் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி யாராவது உங்களுக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தால், உத்யம் சான்றிதழை எடுத்து என்ஐசி கோடு, மொபைல் எண், மின்னஞ்சல் மூன்றையும் இன்றைக்கே பாருங்கள்.