பித்தளைக் கடைக்கு விலைப்பட்டியல்: டேலியா, ஸோஹோவா?

காரைக்குடிப் பாத்திரக்கடையில் ஒரே குடத்துக்கு மூன்று விலை. சில்லறைக்கு ஒன்று, கல்யாணத்தில் சாமான் பரப்ப மொத்தமாக எடுக்கும் ஆச்சிமாருக்கு ஒன்று, தேவகோட்டை, பொன்னமராவதிக் கடைக்காரர்களுக்கு ஒன்று. பில் போடும் பையனின் ஞாபகத்தை நம்பி இதை விட முடியாது. ஸோஹோ இன்வென்டரி, டேலி பிரைம் என்ற இரண்டு பில், சரக்குக் கணக்கு மென்பொருளிலும் போட்டுப் பார்த்துவிட்டு டேலியில் நின்றுவிட்டேன்.

வாங்குகிற பார்ட்டியின் பெயரைத் தட்டியதும் அவருக்கான விலை வருவது இரண்டிலும் உண்டு. ஸோஹோவில் பட்டியலை வாடிக்கையாளரோடு இணைக்கிறோம். டேலியில் எஃப்11 விசையில் திறக்கும் அமைப்புகளில் பிரைஸ் லெவலை, அதாவது விலை வகைகளை, இயக்கி, அந்தப் பார்ட்டியின் கணக்கான லெட்ஜரில் அவருடைய வகையைக் குறிக்கிறோம். இரண்டு ஊரில் கடை, செல்போனிலேயே எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் ஸோஹோ வசதி. எனக்கு ஒரே கடை.

என்னை முடிவு செய்ய வைத்தது விலை ஏறும் நாள்தான். ஸோஹோவில் சுலபமான வழி சதவீதம்: அடிப்படை விலையில் இத்தனை சதவீதம் குறைவு என்று மற்ற பட்டியல்களை வைப்பது. அடிப்படை விலையை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறிவிடும். விலை அதிகம் ஆடாத சரக்குக்கு அருமை. பித்தளைக்கு அதுவே வினை. கணக்குக்கு, கிலோ 800 ரூபாய், அதில் நம் லாபம் 70 என்று வையுங்கள். கடைக்காரருக்கு 6% குறைத்தால் 48 போய் 22 மிஞ்சும். உலோகம் ஏறி விலை 1,000 ஆனால் நம் லாபமும் கூடவா ஏறுகிறது? அதே 70தான். தள்ளுபடி மட்டும் 60 ஆகிவிடும், கையில் பத்து ரூபாய். கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்!

டேலியில் ஒவ்வொரு லெவலுக்கும் ரூபாயாகவே விலை போட்டு வைத்திருக்கிறேன். விலை மாறும்போது மூன்று லெவலையும் திருத்த வேண்டும், வேலை கூடத்தான். ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறோம். எந்தத் தேதியிலிருந்து என்றும் குறிப்பதால் பழைய விலை அழியாது, "போன தடவை என்ன போட்டீங்க?" என்று கேட்கிறவரிடம் காட்டிவிடலாம். ஸோஹோவிலும் பொருள்வாரியாக ரூபாய் விலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போட்டால் சதவீதத்தின் சுகம் போய்விடுகிறது. அப்புறம், ஆடிட்டர் கேட்பதும் டேலி ஃபைலைத்தான்.

ஆச்சிமாருக்கு மட்டும் தள்ளுபடிக் கட்டத்தை நிரப்புகிறேன். குறைத்தது பில்லில் தெரிந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. பில்லிலேயே காட்டிய தள்ளுபடி போக மீதிக்குத்தான் ஜிஎஸ்டி. அளவு கூடக்கூட விலை குறையும் வசதியை டம்ளருக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். பெரிய மொத்த வியாபாரத்தில் அது எப்படி ஓடும் என்பதை அந்த வியாபாரம் செய்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.