கஞ்சிக்கோட்டில் பராமரிப்புக் கம்பெனி மூலம் வாடகை வீடு: எடுக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

எங்கள் படுக்கையறை ஜன்னல் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது. போன மாதம் கேட்டிருந்தீர்கள் என்றால் பதில் ஒரே வரியில் வந்திருக்கும், அதையும் வீட்டில் சத்தமாகப் படித்திருக்க முடியாது.

எங்கள் வீடு புதுச்சேரி பஞ்சாயத்தில் (பாண்டிச்சேரி இல்லை, பாலக்காட்டு புதுச்சேரி), தேசிய நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. எட்டு வீடுகள் உள்ள கட்டடம், நாங்கள் இருப்பது முதல் மாடி. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். இந்தப் பக்கம் இது சகஜம். வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டுகிறார்கள். பூட்டிப் போட்டால் கரையான் பிடிக்கும், சொந்தக்காரரிடம் ஒப்படைத்தால் வாடகையும் உறவும் சேர்ந்து போகும். அதனால் ஒரு பராமரிப்புக் கம்பெனியிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது, வாடகை வசூலிப்பது, குழாய் ஒழுகினால் பிளம்பரை அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாடகையில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்காரர் கணக்கில் போடுவார்கள். கம்பெனிப் பெயரைப் போனிலேயே பேசிவிட்டோம், இங்கே வேண்டாம்.

முதலில் நல்லது. பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் வாடகைக்கு இருந்தவன் நான். வீடு பார்க்கப் போனால் வாசலிலேயே நேர்முகத் தேர்வு நடக்கும். எந்த ஊர், என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவாங்களா. இங்கே கம்பெனி கேட்டது ஆதார், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, மூன்று மாத முன்பணம். அவ்வளவுதான். சமையலறையில் என்ன வேகிறது என்று இன்று வரை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. மாமியார் வந்து தங்கியபோது யாரும் தண்ணீர்க் கணக்கு பேசவில்லை. என் மனைவி இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பெனியை விட்டுக்கொடுக்க மாட்டாள். "மேல் மாடியில வீட்டுக்காரம்மா இல்லாத வீடு கிடைக்கிறதெல்லாம் யோகம்" என்பாள். அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பண விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. வாடகை ரசீது மாதாமாதம் தானாக வரும், வீட்டுக்காரரின் பான் எண்ணோடு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் சம்பளத்தில் வரும் வாடகைப்படிக்கு (HRA) வரிவிலக்கு கேட்க அந்த எண் வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். நேரடி வீட்டுக்காரர்களிடம் அதைக் கேட்டால் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முகம் மாறும்.

இதில் உங்களை முக்கியமாக எச்சரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளூரில் வசிக்கும் வீட்டுக்காரர் என்றால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் நாம் வரி பிடிக்க வேண்டும். நம் சம்பளத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த வரம்பே கிடையாது. நான் குடிவந்தபோது நடப்பில் இருந்த 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் அது 195-வது பிரிவு. வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது குடியிருப்பவர். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்) எடுக்க வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பக்கம் வளைகுடாக்காரர் வீட்டில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கம்பெனி இதை ஒப்பந்தம் போடும் அன்றே சொன்னது. டான் எண்ணை அவர்கள் ஆடிட்டரே எடுத்துத் தந்தார், தாக்கலும் அவரே. வீட்டுக்காரரைக் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்க வைத்ததும் அவர்தான். எனக்கு ஒரு பைசா செலவில்லை. புரோக்கர் மூலம் எடுத்திருந்தால் நோட்டீஸ் வந்த பிறகுதான் பிரிவு எண்ணே தெரிந்திருக்கும்.

இவ்வளவு ஒழுங்கானவர்களால் ஒரு ஜன்னலைச் சரிசெய்ய முடியவில்லை.

நீங்கள் உடுமலைக்காரர், காற்று உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கீழே வரும் காற்றுக்கும் கணவாய்க்குள்ளேயே குடியிருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மழையோடு அடிக்கும். கார்த்திகை பிறந்தால் திசை மாறி நம் ஊர்ப் பக்கமிருந்து வறண்ட காற்று, இவர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள். கேரள மின்வாரியமே கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மேற்கு பார்த்த படுக்கையறைக்கு அலுமினியத் தள்ளு ஜன்னல் போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதவு ஓடும் தடத்தில் பக்கவாட்டில் ஒரு உரோமப் பட்டை ஒட்டியிருப்பார்கள், பிரஷ் மாதிரி. அதுதான் கதவை ஆடாமல் பிடிக்கும். எங்கள் ஜன்னலில் அது தேய்ந்து, அடியில் இருந்த உருளையும் உடைந்து, கதவு தடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. காற்று அடித்தால் தடதடவென்று ஆடும். நின்றுவிட்டது என்று கண்ணை மூடினால் மறுபடி. நான் மில்மா பால் கவரைக் கழுவிக் காய வைத்து நாலாக மடித்து இடுக்கில் செருகுவேன். ராத்திரி நிற்கும். பகல் வெயிலில் கவர் இளகி, சாயங்காலம் பார்த்தால் கீழே விழுந்து கிடக்கும். மழை அடித்தால் கட்டில் கால் வரை தண்ணீர்.

புகார் போட்டேன். கம்பெனிக்கு ஒரு ஆப் இருக்கிறது, அதில்தான் போட வேண்டும். மறுநாளே ஆள் வந்தார், அதில் குற்றமே இல்லை. ஜன்னலைப் பார்த்தார், பால் கவரை எடுத்துவிட்டு ஒரு போட்டோ, வைத்து ஒரு போட்டோ. "ஷரியாக்காம் ஸாரே" (சரி பண்ணிடலாம் சார்) என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பில் "ஓனர் அப்ரூவலுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தது. அந்த வரி அங்கேயே குடியிருந்துவிட்டது, நாங்கள் குடிவந்ததைவிட உறுதியாக.

அவர்கள் விதி என்னவென்று அப்புறம்தான் புரிந்தது. 500 ரூபாய்க்குள் முடியும் வேலை என்றால் தாங்களே செய்துவிடுவார்கள். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். 500-ஐத் தாண்டினால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். மோட்டார் எரிந்துபோனது போன்ற பெரிய வேலைக்குப் போனிலேயே கூப்பிட்டு வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் எட்டு வீடும் கத்தும். எங்கள் ஜன்னல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 850 ரூபாய் வேலை. செய்யவும் அதிகாரம் இல்லை, போன் போடவும் அவசரம் இல்லை.

சரி, நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம், குடியிருப்பவர் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுங்கள் என்றேன். அதுவும் கூடாதாம். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சேச்சி நல்ல மனுஷி, அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. "ஞான் எந்து செய்யான் ஸாரே, ஓனர் பறயணம்" (நான் என்ன செய்ய சார், ஓனர் சொல்லணும்) என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். அவர் சம்பளத்தில் என் ஜன்னலை மாற்ற முடியுமா?

எனக்கு வந்த எரிச்சல் 850 ரூபாய்க்காக இல்லை. மேல் மாடியில் வீட்டுக்காரம்மா இருந்தால் கறிக்கு மூக்கைச் சுளிப்பார், ஆனால் ராத்திரி தடதடப்பு அவர் காதிலும் விழும். இங்கே நான் சொல்வது ஆளுக்கு, ஆள் ஆப்புக்கு, ஆப் ஆபீசுக்கு, ஆபீஸ் மெயிலுக்கு. கடைசியில் அது எங்கே போய் விழுந்தது என்று இந்த ஆடியில்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் லீவில் வந்தார். மரியாதைக்கு எங்கள் வீட்டுக்கும் வந்து, சேச்சி பக்கத்தில் நிற்க, டீ குடித்தார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஜன்னல் சும்மா இருக்குமா? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட ஆரம்பித்தது. "இதென்ன சத்தம்?" என்றார். சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது. கம்பெனி காலாண்டுக்கு ஒரு முறை அனுப்பும் கணக்குத்தாளில், வரவு செலவெல்லாம் முடிந்து அடியில், நிலுவைப் பழுதுகள் என்ற கட்டத்தில் என் ஜன்னல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவர் பார்த்தது மேலே இருக்கும் தொகையை மட்டும். யார்தான் அப்படிச் செய்ய மாட்டார்கள்? அங்கேயே நின்று "மாற்றிவிடுங்கள்" என்றார். சாயங்காலமே ஆப்பில் அப்ரூவல் விழுந்தது. மறுநாள் வாளையாரிலிருந்து ஒரு தமிழ்க்காரத் தம்பி வந்து உருளையும் உரோமப் பட்டையும் மாற்றினார், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. "இதுக்கா இத்தனை நாள் அண்ணா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மற்றவை சுருக்கமாக. கரண்ட் பில் நம் ஊர் மாதிரி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆனால் இலவச யூனிட் என்ற நினைப்பை வாளையார் எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே விகிதமாகப் போட்டுவிடுவார்கள், படிக்கட்டு மாதிரி ஏறும் விகிதம் கிடையாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், ஏசி இல்லாமல் முடியாது, அதனால் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். பிளாஸ்டிக் குப்பைக்குப் பஞ்சாயத்தின் குப்பை சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒரு முறை வருவார்கள், கழுவிக் காய வைத்துக் கொடுத்து 50 ரூபாய் கட்ட வேண்டும். கம்பெனி பராமரிப்புக் கட்டணத்தில் அதையும் சேர்த்து இன்னொரு முறை வாங்கிக்கொண்டிருந்தது. ரசீதைக் காட்டினேன், அடுத்த மாதமே கழித்துக்கொண்டார்கள். 500-க்குள் இருக்கும் எல்லாமே இவர்களிடம் நன்றாக நடக்கும்.

ஆக, எடுக்கலாமா? மேலே எழுதியதைப் படித்தால் எடுக்கச் சொல்கிறேன் என்று தோன்றும். வேண்டாம். பக்கத்திலேயே கீழ் வீட்டில் வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடாகப் பாருங்கள். நாலு கேள்வி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், அவருக்கும் அதே காற்றுதான் அடிக்கும். கிடைக்கவே இல்லை, கம்பெனியிடம்தான் எடுக்க வேண்டும் என்றால், கையெழுத்துப் போடும் முன் பழுது வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள், அப்ரூவல் வராவிட்டால் எத்தனை நாளில் வீட்டுக்காரரைப் போனில் பிடிப்பீர்கள் என்றும் எழுதி வாங்குங்கள். மேற்கு ஜன்னலைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் முடியப் போகிறது, புதுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாடகை 5 சதவீதம் ஏறும். மனைவி சொல் ஒரு பக்கம், அந்த ஆடிட்டரை விட மனசில்லாதது ஒரு பக்கம். ஒரே நிபந்தனை வைத்தேன்: 500 ரூபாய் வரம்பை 2,000 ஆக்க வேண்டும். சேச்சி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். ஓனர் அப்ரூவலுக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.