மருந்துச் சீட்டை முதலில் கேட்ட டாக்டர்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டை வீட்டில் மதினிக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. வகிடு ஒரு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. வைத்துவிட்ட பிச்சிப்பூச் சரம் பிடிமானமில்லாமல் தோளில் நழுவி விழுந்தது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின், ஒன்றரை ஆண்டாகத் தினமும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டுவருகிறார். கீமோ கொடுக்கவில்லை என்பதால் முடி கொட்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு முடி சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். ஏசி அறை, நல்ல உபசரிப்பு. கேமராவில் உச்சந்தலையைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கான பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளுக்குப் பில் போட்டார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயோட்டினை அதிக அளவில் எடுத்தால் சில ஹார்மோன், தைராய்டு இரத்தப் பரிசோதனைகளின் முடிவு தவறாக வரக்கூடும். அதைச் சொல்லாமல் விற்றதை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் ஹைகிரவுண்டு அருகே ஒரு தோல் மருத்துவரிடம் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் பெண் டாக்டர் தலையைப் பார்க்கும் முன்பே மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார். மாதவிடாய் நின்ற பிறகு, உடம்பு ஆண் ஹார்மோனிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது; அந்த வேலையைச் செய்யும் அரோமடேஸ் நொதியை லெட்ரோசோல் தடுக்கிறது. புற்றுநோய் மீண்டும் வளர ஈஸ்ட்ரோஜன் கிடைக்காது. ஆனால் முடியை நெடுநாள் வளரவைப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். அது குறைந்ததும் ஆண் ஹார்மோனின் கை ஓங்கி, உச்சியில் முடி மெலிகிறது.

அண்ணன் புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு முடிக்கு நல்லது என்கிறார்களே என்று கேட்டேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், முடியை மெலியவைக்கும் டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாறுவதைத் தடுப்பதால் ஆண்களின் வழுக்கைக்கு அதைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு, அதை எடுத்து மதினிக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றார்.

அப்போதுதான் மதினி தலைகுனிந்தபடி சொன்னார்: “பத்து நாளாக அந்தப் புற்றுநோய் மாத்திரையைச் சாப்பிடவில்லை, டாக்டர்.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் திட்டவில்லை. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “முடிக்கு வழி செய்யலாம் அம்மா. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் டாக்டரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்” என்றார். தலையில் தடவ மினாக்ஸிடில் எழுதிக் கொடுத்தார். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டார்.

வாசலிலேயே நின்று புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டோம். அன்றிரவே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். நான் கிளம்பிய காலையில் மேசைமேல் இருந்த அட்டையை எண்ணினேன். ஒன்பது குழிகள் காலியாக இருந்தன.