சென்னை–டொரண்டோ "15 மணி நேரம்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. டொரண்டோவில் தங்கைக்குப் பிரசவம் என்பதால் ஜூன் மாதம் அனுப்பி வைக்க, தாம்பரம் பக்கம் ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் போனேன். "அம்மாவால ரொம்ப நேரம் உட்கார முடியாது. காசு கூட ஆனாலும் பரவாயில்லை, நேரம் குறைவா இருக்கிறதைப் போடுங்க" என்றேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தட்டினார். சுமார் 13,400 கி.மீ. அதை விமானம் மணிக்குப் போகும் 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்: 14.88. "பதினஞ்சு மணி நேரம் சார். துபாய்ல இறங்கி ஏறணும், அவ்வளவுதான்." சீக்கிரம் போகிற வழி என்று 18,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார்.

வாட்ஸ்அப்பில் வந்த தாளில் அதிகாலை 3.50-க்குப் புறப்பாடு, அதே தேதி இரவு 10.10-க்கு வருகை என்று இருந்தது. பதினெட்டு மணி நேரம்தானே, துபாயில் நிற்கிற நேரமும் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கோடையில் டொரண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கூட்டினால் 27 மணி 50 நிமிடம்!

அந்த 13,400 என்பது பூமிப் பந்தின் மேல் நூல் பிடித்தாற்போல் அளந்த தூரம். அந்தக் கோடு ரஷ்யாவின் வடமேற்கையும் ஆர்க்டிக்கையும் தொட்டுக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்து அப்படி நேராகப் போகும் விமானமே கிடையாது. அதற்காகத் துபாய் வழி பெரிய சுற்று என்றும் சொல்ல முடியாது. சென்னை–துபாய் சுமார் 2,900, துபாய்–டொரண்டோ சுமார் 11,100, ஆக 14,000 கி.மீ. தூரத்தில் வித்தியாசம் 600 கி.மீ.தான். பறக்கும் நேரம் நாலும் பதினாலும், மொத்தம் பதினெட்டு. மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு. மீதி ஏறக்குறைய பத்து மணி நேரம் அம்மா துபாயில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏஜென்ட் வீல்சேரும் சொல்லி வைக்கவில்லை. "அது தானா வந்துடும்" என்று சொன்னது பொய்.

தங்கை வீடியோ காலில் அம்மாவின் காலைக் காட்டினாள். வீங்கிப் போய், செருப்பின் வார் பதிந்த இடம் சிவந்து பள்ளமாகத் தெரிந்தது. "ஒண்ணுமில்லப்பா, நடந்தா சரியாயிடும்" என்கிறார் அம்மா. எனக்குப் பேச்சே வரவில்லை.

ஏஜென்ட்டைக் கேட்டால், "பறக்குற நேரத்தைத்தானே சொன்னேன்" என்கிறார். அதுவும் பதினைந்து இல்லையே ஐயா!

டிக்கெட் போடுகிறவர்கள் தூரத்தைக் கேட்காதீர்கள். வீட்டு ஊரில் ஏறுவதிலிருந்து அந்த ஊரில் இறங்கும்வரை மொத்தம் எத்தனை மணி, நடுவில் எத்தனை மணி காத்திருப்பு என்று எழுதி வாங்குங்கள். நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்: டொரண்டோவுக்கு மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஒன்பதரை, மற்ற மாதங்களில் பத்தரை. வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று விமான நிறுவனத்திடமே போன் போட்டுக் கேளுங்கள்.

கூடுதலாக வாங்கிய 18,000-ஐத் திருப்பிக் கேட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். கால்குலேட்டர் கணக்குக்குச் சாட்சி இல்லை. வாட்ஸ்அப்பில் "15 மணி நேர ரூட்" என்று அவர் அனுப்பிய செய்தி மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.