பழைய புல்லட்டுக்கு எச்-4 ஹெட்லைட்: பல்புக்கு முன் வயரைப் பாருங்கள்

புல்லட்டின் முகமே அதன் ஹெட்லைட் கேசிங்தான். ஃபோர்க்கின் தலை, ஸ்பீடோமீட்டர், ஆம்மீட்டர் (பேட்டரிக்குக் கரன்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளால் காட்டுவது), சாவித் துவாரம், இரண்டு டைகர் லாம்ப் (சிறு பார்க்கிங் விளக்கு) எல்லாவற்றையும் ஒரே அலுமினிய வார்ப்புக்குள் அடக்கிய வடிவம் அது. 1950களில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்ட்காரர்கள் வரைந்தது. அவர்கள் வைத்த பெயர் காஸ்கெட். பிரெஞ்சில் முன்விளிம்பு நீண்ட தொப்பிக்கு அந்தப் பெயர். 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபின் அந்தத் தொப்பி நம் ஊர் அடையாளமாகவே ஆகிவிட்டது. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால்தான் குட்டு வெளிப்படும்: டயருக்கு முன்னால் ஒரு மஞ்சள் திட்டு, அதற்கு அப்பால் நம்பிக்கை மட்டும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் இதற்கு மூன்று வைத்தியம் கிடைக்கும். எச்-4 பல்ப் (டிம், பிரைட் இரண்டு இழையும் உள்ள ஹாலஜன் பல்ப்) ஏற்கும் 7 அங்குலக் கண்ணாடி யூனிட், அதாவது கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்தது. இருக்கிற யூனிட்டிலேயே சொருகும் எல்.ஈ.டி. பல்ப், ஜீப்புக்கு மாட்டுகிற, லென்ஸும் விளக்கும் ஒரே துண்டான முழு எல்.ஈ.டி. டூம். இங்கே பேசுவது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரி மைனஸ் சேசிஸோடு சேர்ந்தது), ஆம்மீட்டர் வைத்த பழைய ஸ்டாண்டர்ட் வண்டிகளைப் பற்றி. 6 வோல்ட் வண்டி தனிக் கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்ணாடி யூனிட், நல்ல எச்-4 பல்ப், இரண்டு ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்): இந்தக் கூட்டணி தேறுகிறது. எல்.ஈ.டி. பல்ப் தேறவில்லை. எல்.ஈ.டி. டூம் வெளிச்சத்தில் பாஸ், கேசிங்குக்குள் உட்காருவதில் இழுபறி.

முதலில் யூனிட். பழைய வண்டியில் இருப்பது பெரும்பாலும் மூன்று கால் பல்ப். அதன் வட்டத் தகடு 45 மில்லிமீட்டர். எச்-4இன் தகடு 43. ஆகவே பல்பை மட்டும் மாற்ற முடியாது, ரிஃப்ளெக்டரோடுதான் மாற்ற வேண்டும். வெளி அளவு 178 மில்லிமீட்டர், அதாவது அந்தக் காலத்து 7 அங்குலமேதான்; ஹெல்லா போன்றவர்கள் கார், ஜீப்புக்கென்று போடும் 7 அங்குல எச்-4 யூனிட்டும் இதே அளவு. கோடு போட்ட கண்ணாடியை எடுங்கள். வண்டியின் வயதுக்கு அதுதான் பொருந்தும், வெளிச்சத்தைப் பரப்புகிற வேலையையும் அந்தக் கோடுகளே செய்கின்றன. பளபளக்கும் கிரிஸ்டல் யூனிட்டில் அந்த வேலை முழுக்க ரிஃப்ளெக்டரின் பட்டைகள் தலையில் விழுகிறது. மலிவான அச்சில் அடித்த பட்டைகள் அதைச் சரியாகச் செய்வதில்லை.

கடையிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, அம்புக்குறி. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற கார் யூனிட்டின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அருகில், கண்ணாடியை நேருக்கு நேர் பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது நம்மைப் போல் இடது ஓரம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் வலது ஓரம் ஓட்டும் நாட்டுச் சரக்கு. எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். இரண்டு, சுவரில் அடித்துப் பார்ப்பது. ஒரு பேட்டரியில் டிம் எரியவிட்டால் வலப்பாதியில் மேல்விளிம்பு தட்டையாக, இடப்பாதியில் சுமார் 15 டிகிரி மேலே ஏறுகிற மாதிரித் தெரிய வேண்டும். விளிம்பே இல்லாமல் பஞ்சுபோல் கலைந்து விழுந்தால் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பார்க்கிங் பல்புக்கான ஓட்டை இல்லாத யூனிட் கிடைத்தால் இன்னும் நல்லது. டைகர் லாம்ப் இருக்கும் வண்டிக்கு அந்த ஓட்டை தண்டம். இருந்தால் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் ரிஃப்ளெக்டர் மங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். புது யூனிட்டும் 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) பல்பும் போட்டு, 'ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே' என்று திட்டுகிற புல்லட்காரர்கள் நிறைய. தப்பு பல்பில் இல்லை. எச்-4இன் கணக்குப்படி 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1650 லூமன், டிம்முக்கு 1000 லூமன். வெளிச்சம் வோல்ட்டேஜின் கிட்டத்தட்ட 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். பல்புக்கு 12 வோல்ட் மட்டும் வந்தால் மிஞ்சுவது 72 சதவீதம். 11.5 என்றால் 63. பழைய புல்லட்டில் கரன்ட் போகிற பாதையை நினைத்துப் பாருங்கள்: பேட்டரி, ஆம்மீட்டர், சாவி, லைட் சுவிட்ச், ஹேண்டில்பாரில் டிம்மர், அப்புறம்தான் பல்ப். ஒவ்வொரு காண்டாக்டும் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் அடுத்ததற்குக் கொடுக்கும்.

திரும்பி வரும் வழி அதைவிட மோசம். எர்த் வயரைக் கேசிங்கிலேயே முறுக்கி விட்டிருப்பார்கள். கேசிங் ஃபோர்க்கோடு சேர்ந்தது. அங்கிருந்து கரன்ட் சேசிஸுக்குப் போக வேண்டுமானால் ஸ்டியரிங் பேரிங்கில் கிரீஸ் மொழுகிய குண்டுகள் வழியாகத்தான் போக வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் மினுக்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது சுலபம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்ப் ஹோல்டரில் கரன்ட் வரும் காலிலும் வையுங்கள். பிறகு பேட்டரி மைனஸுக்கும் ஹோல்டரின் எர்த் காலுக்கும் நடுவே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் ரிலே போட வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போது மட்டும் லைட் எரிகிற பிந்தைய மாடல்களில் ஹெட்லைட் ஏ.சி. கரன்ட்டில் ஓடக்கூடும், அந்த வயரில் சாதாரண ரிலேயைக் கோத்தால் தேனீக்கூடு மாதிரி இரையும். அதற்கு முதலில் லைட் சுவிட்சுக்கு பேட்டரி கரன்ட் வரும்படி மாற்ற வேண்டும்.

தேவைப்படுவது நான்கு கால் 12 வோல்ட் ரிலே இரண்டு, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டரோடு ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர் சிவப்பு வயர் 2 மீட்டர், அதே பருமனில் கறுப்பு 2 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டரில் வேறு இரண்டு நிறம் ஒவ்வொரு மீட்டர், எச்-4 ஹோல்டர் ஒன்று. பீங்கான் ஹோல்டராகவே வாங்குங்கள். மலிவு பிளாஸ்டிக் 60 வாட் சூட்டில் இளகிவிடும். பழைய டிம், பிரைட் வயர்கள் இனி பல்புக்குப் போகாது, ஆளுக்கொரு ரிலேயின் 86ஆம் காலுக்குப் போகும் (கால் எண்கள் ரிலேயிலேயே பொறித்திருக்கும்). 85 எர்த்துக்கு. இரண்டு ரிலேயின் 30ஆம் காலுக்கும் ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து சிவப்பு வயர். 87இலிருந்து பல்புக்கு. சுவிட்சுகள் இனி சுமப்பது ரிலே காயிலின் கால் ஆம்பியருக்கும் குறைவான கரன்ட். பழைய டிம்மருக்கு அதனாலேயே ஆயுள் கூடும். பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு மின்பாகம் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் வழக்கப்படி நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். ஆனால் மூன்று கை மாறிய வண்டியில் வயர் நிறத்தை நம்புவது ஜோசியம். டெஸ்ட் லாம்ப் வைத்தே பாருங்கள்.

ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். கறுப்பு எர்த் ஹோல்டரிலிருந்து நேராக பேட்டரி மைனஸுக்கே போகட்டும். ரிலேக்களைக் கேசிங்குக்குள் திணிக்காதீர்கள், இடம் கிடையாது. டேங்குக்கு அடியில், ஸ்டியரிங் தலைக்குப் பின்னால் சேசிஸ் குழாயில் ரப்பர் வைத்துக் கட்டி, கால்கள் கீழே பார்க்கும்படி விட்டால் தண்ணீர் நிற்காது. இணைப்புகளில் ஈயம் பற்றவைப்பதைவிட கிரிம்ப் (டெர்மினலை நசுக்கி வயரைப் பிடிக்கவைப்பது) மேல்: ஒற்றை சிலிண்டரின் உதறலில் ஈயம் முடிகிற இடத்தில்தான் வயர் முறியும்.

மாட்டும்போது முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. இது சடங்குக்குச் சொல்வதல்ல. ஆம்மீட்டரின் பின்புறத் திருகுகளுக்கு, சாவி ஆஃபில் இருந்தாலும், பேட்டரி கரன்ட் நேராக வரும். பல பழைய வண்டிகளில் வழியில் ஃபியூஸே கிடையாது. கழற்றிய வளையமோ ரிஃப்ளெக்டரின் விளிம்போ அதில் உரசினால் வயரிங் மொத்தமும் புகையும். மாட்டி முடிந்தபின்னும் அந்தத் திருகுகளுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

வளையத்தைக் கழற்றிக் குப்புற வைத்தால் யூனிட்டைப் பிடித்திருக்கும் டபிள்யூ வடிவ ஸ்பிரிங் கிளிப்புகள் தெரியும். இவை பறக்கும். ஒரு துணியைப் போர்த்தி, கிளிப்பின் நடு வளைவைக் கட்டைவிரலால் உள்நோக்கி அழுத்தி, ஒரு முனையை மட்டும் வளையத்தின் உதட்டிலிருந்து நழுவவிடுங்கள். மறுமுனை தானே வரும். ஸ்குரூடிரைவரை ரிஃப்ளெக்டரில் ஊன்றி நெம்பினால் கண்ணாடியின் ஓரம் பெயரும். புது யூனிட்டில் 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே வர வேண்டும். கிளிப்புகள் தளர்ந்திருந்தால் ஓட்டத்தில் யூனிட் மெல்லச் சுழன்று, தட்டையாக விழ வேண்டிய வெளிச்சம் சாய்ந்து விழும். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம். பட்ட எண்ணெய் சூட்டில் கருகிப் பல்பைக் கொன்றுவிடும். பல்பின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் உறையை மறந்துவிட்டு மூடுகிறவர்கள் பலர்.

அடுத்தது இன்ஜினோடு சுழன்று கரன்ட் தரும் ஆல்டர்நேட்டர். 60 வாட்டை வண்டி தாங்குமா என்பதற்கு ஆம்மீட்டரே சாட்சி. ஐடிலிங்கில் முள் மைனஸுக்குப் போவது சகஜம். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில், ஹெட்லைட் எரிய, முள் நடுவுக்கோ பிளஸ்ஸுக்கோ வந்துவிட்டால் கவலை இல்லை. அப்போதும் மைனஸ் என்றால் 35/35 வாட் எச்.எஸ்-1 பல்ப் யோசிக்கலாம். 825/525 லூமன்தான், ஆனால் முழு வோல்ட்டேஜ் கிடைக்கும் 35 வாட், பட்டினி கிடக்கும் 60 வாட்டைவிட அப்படியொன்றும் பின்தங்காது. அதன் காதுகளின் வடிவம் வேறு என்பதால் யூனிட்டில் ஒழுங்காக உட்காருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். 100/90 வாட் பல்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

எல்.ஈ.டி. பல்ப் ஏன் தேறவில்லை? எச்-4இன் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு தகடு உண்டு. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் படுவதற்காக. இழை இருந்த அதே புள்ளியில் எல்.ஈ.டி. சில்லு இல்லாவிட்டால் ரிஃப்ளெக்டரின் கணக்கே தப்பிப் போகும். சில்லுகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகத் திரும்பினால் எதிரே வருகிறவர் கண் கூசும், ரோட்டில் ஒன்றும் விழாது. பின்னால் ஃபேன் வைத்த தடித்த வால் வேறு. புல்லட் கேசிங்கில் அது ஸ்பீடோமீட்டர் கேபிளோடும் வயர் கொத்தோடும் மல்லுக்கு நிற்கும். மூடிய கேசிங்கில் அந்த ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

முழு டூமில் இந்தக் கோளாறு இல்லை, லென்ஸும் சில்லும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தவை. நல்ல டூமின் டிம் வெளிச்சம் எச்-4ஐ மிஞ்சும், கரன்ட்டும் பாதிதான். ஆனால் பின்னால் சூட்டை வெளியேற்ற இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க் ஆழமானது. வாங்கும் முன் கேசிங்கின் ஆழத்தை அளந்து கொள்ளுங்கள்; ஆம்மீட்டர் திருகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் வேண்டாம். மழையில் அந்த நீலம் கலந்த வெள்ளையை ஈர ரோடு விழுங்கிவிடும். முகமும் மாறிப்போகும். 1950களின் தொப்பிக்குக் கீழே விளிம்பைச் சுற்றி எரியும் ஏஞ்சல் ஐ வளையம், வேட்டிக்குக் கூலிங்கிளாஸ் மாதிரி, சிலருக்குப் பிடிக்கிறது.

கடைசியில் குறி வைப்பது. டயரில் காற்றைச் சரிசெய்து, ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்திருக்க, சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் கோடு. டிம்மின் தட்டையான விளிம்பு அதற்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். தனி ஹெட்லைட் கூடு வைத்த வண்டிபோல் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மொத்தமாகச் சாய்க்க இங்கே வழியில்லை, கேசிங் ஃபோர்க்கோடு பிறந்தது. யூனிட்டுக்குக் கிடைக்கும் அசைவு கொஞ்சம்தான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தபின் வளையத் திருகை முறுக்குங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் அதே திருகை இன்னொரு தரம் தொட்டுப் பாருங்கள். புல்லட்டில் தளராத திருகு கிடையாது.